இழுக்காத ஹேண்ட்பிரேக்

அத்தியாயம் பதினொன்று

மச்சான் செத்த அன்றைக்கு எங்கே நின்றதோ அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது கார். வாசலுக்கு நேரே, தெரு ஏற்றத்தில், மூக்கை மேட்டுப் பக்கம் தூக்கிக்கொண்டு. கூரை முழுக்கத் தூசி. பின்கண்ணாடியில் தெருப் பிள்ளை எதுவோ விரலால் ஒரு மூஞ்சி வரைந்துவிட்டுப் போயிருந்தது. சிரிக்கிறதா அழுகிறதா என்று சொல்ல முடியாத மூஞ்சி.

கொக்கி, பழுதான வண்டிகளை ஏற்றிப் போகிற தன் ரெக்கவரி வண்டியை மேட்டிலிருந்து ரிவர்ஸிலேயே இறக்கிக்கொண்டு வந்து காரின் மூக்குக்கு எதிரே நிறுத்தினான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கும் ஒன்று இருக்கிறது. வண்டிக்குப் பின்னால் தொங்குகிற கொக்கி அதைத் தின்று பல வருஷம் ஆகிறது.

தண்ணீர்க் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டிக்கொண்டு வந்தார்கள். பள்ளம் இரண்டு வீடு தள்ளி வந்து நின்றிருந்தது.

"கொக்கி, மத்தியானத்துக்குள்ள இந்தச் சவத்தை நகத்திருப்பா" என்றார் பள்ளம் தோண்டுகிற மேஸ்திரி. சொன்ன பிறகுதான் யார் வீட்டு வாசல் என்று உறைத்தது அவருக்கு. "மன்னிச்சுக்க. வாய் தவறிருச்சு."

"பரவாயில்லண்ணே. சவம்தான்."

"இல்ல, நீ எடுக்கலேன்னா பொக்லைன் வாயால கவ்வி ஓரமா வெக்கச் சொல்லிருவான் எஞ்சினியர். அப்புறம் பம்பர் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்னு ஆயிரும். அதான்."

கொக்கி தலையை ஆட்டினான். அக்கா புருஷன், மச்சானின் கார் என்றால் கை நடுங்கும், கண் கலங்கும் என்றெல்லாம் வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்திருந்தான். ஒன்றும் நடக்கவில்லை. வேறு எவனோ ஒருத்தன் வண்டியைப் பார்ப்பது போலத்தான் பார்த்தான். டயரில் காற்று இருக்கிறதா, அடியில் எண்ணெய் ஒழுகியிருக்கிறதா. அவ்வளவுதான்.

நடந்தது இன்னதென்று இந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அன்று சாயங்காலம் மச்சான் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நிறுத்தினார். உள்ளே வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்தார். தண்ணீர் கேட்டார். அக்கா சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். பாதி குடித்தார். மீதியைக் குடிக்க ஆள் இல்லை. மகள் பாப்பா பேக்கிங் கம்பெனி வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

இதை வைத்துத்தான் மச்சானின் அக்கா போன வாரம் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, வந்தவர்கள் போனவர்கள் எல்லோர் காதிலும் விழும்படி பேசினாள்.

"நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு வந்தவனுக்குத் தண்ணியைக் குடுத்துட்டு வேடிக்கை பாத்தவ இவ. வேலை பாக்குறதே ஆஸ்பத்திரியில. தூக்கிட்டு ஓடத் தெரியலையா? என் தம்பியை இவதான் கொன்னா."

ஆஸ்பத்திரி லாண்டரியில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் அக்கா. அன்று கையில் ஒரு துண்டு இருந்தது. அதை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"பாப்பா இனிமே என்கூட இருக்கட்டும். புதன்கிழமை மத்தியானம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று தீர்ப்பையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள் நாத்தனார்.

கொக்கிக்கு அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. 'நான் எங்கயும் வரல அத்தை' என்று பாப்பா ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் பாப்பா சரி என்று தலையை ஆட்டினாள். பெற்ற தாயின் முகத்தைப் பார்க்காமல் ஆட்டினாள்.

இன்றைக்குத்தான் அந்தப் புதன்கிழமை.

*

முதல் வேலையாகப் பின்சக்கரங்களுக்கு அடியில் கட்டை போட்டான் கொக்கி. கட்டை போடாமல் மேட்டில் நிற்கிற வண்டியைத் தொட்டால் மச்சான் செவிட்டில் அறைவார். கல் குவாரியில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். நிறுத்தி வைத்த லாரி தானாகப் பின்னால் உருண்டு ஒரு ஆளை நசுக்கியதைக் கண்ணால் பார்த்தவர்.

கதவைச் சாவியால் திறந்து, கையை மட்டும் உள்ளே விட்டு பானெட் கொண்டியை இழுத்து, பானெட்டைத் தூக்கினான். உள்ளே எலி குடும்பமே நடத்தியிருந்தது. பஞ்சு, காகிதம், தேங்கிய நாற்றம். பேட்டரியிலிருந்து போகிற ஒயர்களைக் கடித்துத் துப்பியிருந்தது. தன் வண்டியிலிருந்து கேபிள் போட்டு, சாவியைத் திருப்பிப் பார்த்தான். டாஷ்போர்டில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட எழவில்லை.

"என்னப்பா, உசிரு இருக்கா?" என்றார் மேஸ்திரி பள்ளத்துக்குள்ளிருந்து.

"இல்லண்ணே. எலி எல்லாச் சடங்கையும் முடிச்சுட்டுப் போயிருக்கு."

மேஸ்திரி சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பீடியைப் பற்றவைத்தார்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் இதுதான் தலைவலி. கியர் லிவரை பார்க்கில் போட்டு நிறுத்திவிட்டால் அது அங்கேயே பூட்டிக்கொள்ளும். சாவியைத் திருப்பி, பிரேக்கை மிதித்தால்தான் பூட்டு விடும். பூட்டு விடக் கரண்ட் வேண்டும். பேட்டரி செத்தால் பூட்டும் செத்தது. பழைய கியர் வண்டியென்றால் நியூட்ரலில் தட்டிவிட்டுத் தள்ளிக்கொண்டே போகலாம். இதை அப்படியே இழுத்தால் கியர்பாக்ஸ் பல் தெறித்துவிடும்.

மச்சானுக்கு இந்த வண்டியைப் பிடித்துக் கொடுத்ததே கொக்கிதான். குவாரி வேலையில் இடது முட்டி தேய்ந்துபோய் கிளட்ச் மிதிக்க முடியாமல் ஆன பிறகு, "ரெண்டு பெடல் வண்டி மச்சான், இடது கால் சும்மா உக்காந்து வரலாம்" என்று தலையில் கட்டினான்.

கரண்ட் இல்லாத வண்டிக்கும் ஒரு சந்து வைத்திருக்கிறார்கள். லிவர் பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு மூடி. அதை நெம்பி எடுத்துவிட்டு உள்ளே ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால் பூட்டு விட்டுக்கொடுக்கும். லிவரை நியூட்ரலுக்குத் தள்ளிவிடலாம். கொக்கி எத்தனையோ வண்டியில் செய்த வேலை.

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். மச்சானின் வாசம் வரும் என்று நினைத்தான். வெறும் பூஞ்சை வாசம்தான் வந்தது. மூடியை நெம்பினான். ஸ்க்ரூடிரைவரை விட்டு அழுத்தி, லிவரைத் தள்ளினான்.

அசையவில்லை.

இன்னொரு தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு. லிவர் பாறையில் நட்ட கம்பி மாதிரி நின்றது.

பூட்டு விட்டுவிட்டது, அது அவன் விரலுக்குத் தெரிந்தது. பிடித்துக்கொண்டிருப்பது வேறு. கியர்பாக்ஸுக்குள் ஒரு பல்சக்கரமும், அதில் போய் மாட்டிக்கொள்கிற விரல் மொத்த இரும்பு நாக்கும் உண்டு. பார்க் என்பது அவ்வளவுதான். ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல் மேட்டில் விட்டால் வண்டியின் மொத்த பாரமும் அந்த நாக்கின் மேல் தொங்கும். அப்புறம் லேசில் வராது.

கொக்கி குனிந்து பார்த்தான்.

ஹேண்ட்பிரேக் படுத்திருந்தது. இழுக்கவே இல்லை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே பொக்லைன் மண்ணை அள்ளி ஓரத்தில் கொட்டியது. மறுபடி அள்ளியது.

மச்சான் சமதளத்தில் நிறுத்தினாலும் ஹேண்ட்பிரேக் போடுகிற ஆள். முதலில் ஹேண்ட்பிரேக், பிறகுதான் பார்க். "விரல் தண்டி இரும்பை நம்பி வண்டியைத் தொங்க விடுறதாடா? எவன் கண்டுபிடிச்சான் இதை?" என்பார். லாரியில் இழுத்த பழக்கத்தில், காரிலும் இரண்டு கை பலத்தையும் கொடுத்து இழுப்பார். கர்ர்ரக் என்று தெருவுக்கே பல் கூசும். "வந்துட்டாருய்யா மலையைக் கட்டிப்போடுறவரு" என்று எதிர்வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார்.

உயிர் போகிற நேரம், மறந்திருக்கலாம். கொக்கி அப்படித்தான் முதலில் நினைக்கப் பார்த்தான். மனசு ஒப்பவில்லை. அந்தக் கை மறக்காது. தூக்கத்தில் எழுப்பி ஸ்டீயரிங்கில் உட்கார வைத்தாலும் முதலில் அங்கேதான் போகும்.

அப்படியென்றால் நிறுத்தினது மச்சான் இல்லை.

ஹேண்ட்பிரேக்கே தொடாமல் வண்டியை நிறுத்துகிற ஒரே ஒரு ஆளை இந்தக் குடும்பத்தில் கொக்கிக்குத் தெரியும். அவனுடைய யார்டில், ஹேண்ட்பிரேக் கேபிள் அறுந்த ஒரு ஓட்டை ஆட்டோமேட்டிக்கில், ஞாயிற்றுக்கிழமைகளில் அவனே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த ஆள். "அந்தக் கம்பி வேலை செய்யாது, விட்டுரு. பார்க்ல போடு, சாவியை எடு, இறங்கு. அவ்வளவுதான் டிரைவிங்" என்று சொன்னதும் அவனேதான்.

ஸ்க்ரூடிரைவரை டாஷ்போர்டில் வைத்துவிட்டு இறங்கினான்.

*

பாப்பா உள்ளறையில் பையில் துணி அடைத்துக்கொண்டிருந்தாள். ஜிப் பாதியில் நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபது வயசாகியும் வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். இப்போது பார்த்தால் யார் வீட்டுக்கோ விருந்தாளியாக வந்தவள் மாதிரி இருந்தாள்.

சமையலறையில் அக்கா பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது.

"ரெண்டைக் குறை, ஜிப் வரும்" என்றான் கொக்கி.

"ம்."

"அத்தை வீட்டுல போய் என்ன பண்ணப்போற?"

"இருப்பேன்."

"அவ வாயைக் கேட்டுக்கிட்டு?"

"பழகிரும் மாமா."

கொக்கி அறைக் கதவைச் சும்மா ஒட்டிச் சாத்தினான். சுற்றி வளைக்க அவனுக்குத் தெரியாது. "பாப்பா, அன்னைக்கு வண்டியை ஓட்டிட்டு வந்தது யாரு?"

பாப்பாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. திடுக்கிடவில்லை, அழவில்லை. பையிலிருந்து ஒரு சுடிதாரை எடுத்து வெளியே வைத்தாள்.

"எப்படித் தெரியும்?"

"ஹேண்ட்பிரேக் போடல."

"நீங்க போடச் சொல்லித் தரலையே."

"ஆமா. தரல."

ஜிப்பை மெதுவாக இழுத்தாள். வந்தது. கடைசி வரைக்கும் இழுத்து மூடிவிட்டுப் பேசினாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பேக்கிங் கம்பெனியில் எந்தப் பெட்டியில் என்ன போகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

"கம்பெனி வாசலுக்கு வந்தாரு, கூட்டிட்டுப் போக. பாலம் இறங்கினதும் ஓரமா நிறுத்திட்டாரு. வேர்த்துக் கொட்டுச்சு. இடது கை மரத்துப்போச்சு, நீ ஓட்டுன்னாரு. லைசென்ஸ் இல்லையேப்பான்னேன். ஓட்டுடின்னாரு. ஆஸ்பத்திரிக்குத் திருப்பட்டுமான்னு கேட்டேன். வேணாம், வெறும் வாயுதான், வீட்டுக்குப் போன்னாரு."

"நீ..."

"ரெண்டாவது தடவையும் கேட்டேன். திட்டினாரு. ஆஸ்பத்திரிக்குத் திரும்புற ரோடு வந்துச்சு. பாத்தேன். திரும்பல."

சமையலறையில் குழாய் நின்றது. மறுபடி திறந்தது.

"வாசல்ல நிறுத்தினேன். நீ ஓட்டினேன்னு தெரிஞ்சா அம்மா பயந்துருவா, ஊரைக் கூட்டிருவா, நீ முக்குல போய் நின்னுட்டு பஸ்ல வந்த மாதிரி அப்புறமா வான்னாரு. இறங்கிக் கதவைச் சாத்திட்டு உள்ள நடந்து போனாரு. நல்லாத்தான் நடந்தாரு மாமா. நான் அரை மணி நேரம் முக்குக் கடையில நின்னேன். ஒரு டீகூடக் குடிச்சேன்."

கொக்கி வெளியே கிடந்த சுடிதாரை எடுத்து ஓரமாக வைத்தான்.

"அத்தை அம்மாவைச் சொன்னப்போ வாயைத் திறந்திருக்கணும்ல. திறக்கல. இப்போ அம்மா மூஞ்சியைப் பாத்துச் சோறு திங்க முடியல. அதான் போறேன்."

"அம்மாகிட்ட சொல்லிரு பாப்பா."

"சொன்னா? புருஷனும் இல்ல, அதுக்குக் காரணம் மகளேதான்னு ஆயிரும். எனக்கு அது முடியாது. நீங்களும் சொல்லக் கூடாது." அவனைப் பார்த்தாள். "சொன்னீங்கன்னா இனிமே உங்களை மாமான்னு கூப்பிட மாட்டேன்."

"சரி" என்றான் கொக்கி.

*

மேட்டில் நிற்கிற வண்டியை நியூட்ரலுக்குக் கொண்டுவர ரெண்டு ஆள் வேண்டும். ஒருத்தர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, ஒருத்தர் லிவரைப் பார்க்க. மேஸ்திரியைக் கூப்பிடலாம் என்று வாசலுக்கு வந்தான்.

"நான் வர்றேன்டா" என்றாள் அக்கா பின்னாலிருந்து. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ வேணாங்க்கா. பிரேக் கல்லு மாதிரி இருக்கும். எஞ்சின் ஓடலேன்னா..."

"நாள் பூரா பத்துக் கிலோ விரிப்பைத் தூக்கித் தூக்கிப் போடுறவ நான். மிதிக்கத் தெரியாதா?"

மேஸ்திரி பள்ளத்திலிருந்து தலையை நீட்டி, "மிதிக்கச் சொல்லு கொக்கி, அந்தம்மா மிதிச்சா ரோடே நிக்கும்" என்றார். அக்கா சிரிக்கவில்லை. ஆனால் அவர் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அதுவே இந்த ஒன்றரை மாசத்தில் பெரிய விஷயம்.

கொக்கி தன் வண்டியில் கயிற்றைச் சுற்றி இழுக்கிற விஞ்சிலிருந்து கயிற்றை உருவி, காரின் முன்கொக்கியில் மாட்டினான். சுவிட்சைத் தட்டினான். கயிறு விறைத்தது. கார் மேட்டுப் பக்கமாக நாலு விரல்கடை ஏறி நின்றது. இனி பாரம் கயிற்றின் மேல். உள்ளே இருக்கிற இரும்பு நாக்குக்கு மூச்சு விட இடம் கிடைத்திருக்கும்.

அக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. ஸ்டீயரிங்கைத் தொடலாமா என்று கேட்கிறவள் போல இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். கொக்கி மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே சாய்ந்து, ஸ்டீயரிங் பூட்டு விடுவதற்குச் சாவியைத் திருப்பினான்.

"நடுவுல இருக்குறது பிரேக். மிதி."

"ரெண்டுதானே இருக்கு. நடு எது?"

"பெருசா இருக்குறது. நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காத."

மிதித்தாள். மிதித்துக்கொண்டே, இடது கை தானாகக் கீழே போனது. வருஷக்கணக்காகப் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்துப் பார்த்துப் பழகிய கை. வண்டி நின்றால் அடுத்தது இதுதான் என்று அதற்குத் தெரியும்.

ஹேண்ட்பிரேக் மேல் போய் நின்றது கை. அது படுத்திருந்தது.

கொக்கி ஸ்க்ரூடிரைவரைத் துளையில் விட்டான்.

அக்காவின் விரல்கள் அந்தக் கம்பியைச் சுற்றிப் பிடித்தன. இழுக்கவில்லை. இஸ்திரிப் பெட்டி சுட்டுச் சுட்டுத் தோல் காய்த்துப்போன விரல்கள். சூடு பட்டாலும் தெரியாது என்பாள்.

"நீ இறக்கி விட்டியாடா?"

"ஆமாக்கா. நான்தான். லிவர் வரலேன்னு இறக்கிப் பாத்தேன்."

அக்கா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள். கையை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

கொக்கி ஸ்க்ரூடிரைவரை அழுத்தி, லிவரைத் தள்ளினான். அடியில் எங்கோ 'டங்' என்று ஒரு சத்தம். கார் ஒருமுறை குலுங்கியது. லிவர் வெண்ணெய் மாதிரி நழுவி நியூட்ரலில் விழுந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள் அக்கா.

"அவ்வளவுதான்."

"இதுக்கா காலையிலேருந்து மல்லுக்கட்டினே?"

*

அக்காவை இறங்கச் சொல்லி, கட்டையை எடுத்துவிட்டு விஞ்சை ஓட்டினான். கார் அங்குலம் அங்குலமாக நகர்ந்து ரெக்கவரி வண்டியின் தட்டில் ஏறியது. நின்ற இடத்தில் தார் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. சுற்றிலும் தூசி படிந்த தெருவில், கார் அளவுக்கு ஒரு சுத்தமான இடம். மேஸ்திரி ஆட்களைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். பொக்லைன் நகர்ந்தது.

தட்டில் ஏறிப் போய் லிவரைப் பார்க்குக்குத் தள்ளிவிட்டு இறங்கினான் கொக்கி. ஹேண்ட்பிரேக்கையும் போட வேண்டும். ஏனோ கை போகவில்லை. அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று சக்கரங்களுக்கு பெல்ட் மாட்டத் தொடங்கினான்.

அக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

"உனக்குப் பொய் சொல்ல வராதுடா. சின்ன வயசுலேருந்தே வராது."

கொக்கி பெல்ட்டை இறுக்கிக்கொண்டே இருந்தான்.

"அன்னைக்கு நான் அடுப்படியிலதான் நின்னேன். வண்டி வந்து நின்ன சத்தம் கேட்டுச்சு. கதவு சாத்துற சத்தம் ரெண்டு தடவை கேட்டுச்சு. ஹேண்ட்பிரேக் சத்தம் கேக்கல." உலர்ந்துவிட்ட கையை மறுபடியும் புடவையில் துடைத்தாள். "இருபத்தி ரெண்டு வருஷமா கேட்ட சத்தம். லாரியா இருந்தப்பவும் கேட்டேன். கேக்கலேன்னா எனக்குத் தெரியாதா, நிறுத்தினது அவரு இல்லேன்னு?"

கொக்கி நிமிர்ந்தான். "அப்போ உனக்கு..."

"பாப்பாவுக்குச் செருப்பு வாசல்ல விடுற பழக்கம். அன்னைக்கு பஸ்ல வந்தேன்னு சொன்னா. செருப்புல ஒரு பொட்டு சேறு இல்ல. பஸ் ஸ்டாப்புல முழங்கால் சேறு."

"ஏங்க்கா, ஒரு வார்த்தை அவகிட்ட கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா சொல்லிருவா. சொல்லிட்டா நாத்தனார் வாய்க்கு அவளும் இரையாகணும். என்னைச் சொல்றாங்கல்ல, சொல்லட்டும். எனக்கு உறைக்கல. பச்சைப் புள்ள அது. ஆயுசு பூரா தூக்கிச் சுமக்கணுமா?"

"அதுக்காக அவளைப் போக விடுறியா?"

"அங்க போனா என் மூஞ்சியைப் பாக்க வேண்டியதில்லைல. அதைத்தானே அவ தேடுறா." அக்கா திரும்பினாள். "நீ எதுவும் கேட்டுத் தொலைக்காத அவகிட்ட. தெரிஞ்ச மாதிரியும் காட்டிக்காத."

உள்ளே போய்விட்டாள். கொஞ்சத்தில் பாத்திரச் சத்தம் கேட்டது. காலையில் தேய்த்த அதே பாத்திரங்களாகத்தான் இருக்க வேண்டும்.

கொக்கி தட்டின் விளிம்பில் உட்கார்ந்தான். ரெண்டு பேர் மூட்டையும் இப்போது அவன் தலையில். வண்டியாக இருந்தால் எந்தப் பக்கம் பாரம், எங்கே கயிறு போட வேண்டும் என்று பார்த்ததும் சொல்லிவிடுவான். இதற்குக் கயிறு எங்கே போடுவது?

தெரு மேட்டில் ஒரு குடை தெரிந்தது. குடைக்கு அடியில் மச்சானின் அக்கா. கீழ்ப்பக்கம் பள்ளம் தோண்டிவிட்டதால் சுற்றிக்கொண்டு வருகிறாள்; அந்தக் கோபம் நடையிலேயே தெரிந்தது.

அதே நேரம் பாப்பா பையோடு வாசலுக்கு வந்தாள். மேட்டைப் பார்த்தாள். அத்தையின் குடையைப் பார்த்தாள். பிறகு தட்டின் மேல் நிற்கிற காரைப் பார்த்தாள்.

கார் நின்றிருந்த அந்தக் கறுப்பு இடத்தைப் பொக்லைன் கொத்திக்கொண்டிருந்தது.

பாப்பா பையைப் படியில் வைத்தாள். நடந்து வந்து, கொக்கியிடம் ஒன்றும் சொல்லாமல், தட்டின் மேல் கால் வைத்து ஏறினாள். கார்க் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். எதையோ மறந்து வைத்திருக்கிறாள், எடுக்கப்போகிறாள் என்றுதான் கொக்கி நினைத்தான்.

கர்ர்ரக்.

இரண்டு கையாலும் இழுத்திருக்க வேண்டும். ஒரு பல் விடாமல், கடைசி வரைக்கும். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். பொக்லைன்காரன்கூட ஒரு நொடி கையை நிறுத்தினான்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

அக்கா வாசலுக்கு வந்தபோது கையில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. தெருவைப் பார்த்தாள். பள்ளத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

"அம்மா" என்றாள் பாப்பா, திறந்த கதவு வழியாக. குரல் உடையவில்லை. "மேல ஏறி வா. இந்தப் பக்கம் உக்காரு. அன்னைக்கு அப்பா உக்காந்த சீட்டு."

அக்கா நடந்து வந்தாள். தட்டில் ஏறக் கொக்கி கை கொடுத்தான். நுரை அவன் கையிலும் ஒட்டியது. அவள் மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். கதவு சாத்தியது. ஒன்று. பிறகு இன்னொன்று.

கண்ணாடியெல்லாம் தூசி. உள்ளே ரெண்டு தலை தெரிந்தது, அவ்வளவுதான்.

"என்ன கூத்து இது?" மச்சானின் அக்கா குடையை மடக்கிக்கொண்டு வந்து நின்றாள். "வண்டி மேல வண்டி, அதுக்குள்ள இதுங்க ரெண்டும். எங்க கிளம்பிட்டாங்க?"

"எங்கயும் போகலைங்க" என்றான் கொக்கி. "வண்டி பார்க்லதான் நிக்குது. ஹேண்ட்பிரேக்கும் போட்டாச்சு."

"எனக்கு நேரமில்ல. பஸ்ஸுக்குப் போகணும். இறங்கச் சொல்லு அவளை."

உள்ளே ஒரு தலை மெதுவாக இன்னொன்றின் பக்கம் சாய்ந்தது. யார் தலை, யார் தோள் என்று தெரியவில்லை.

அத்தைக்காரி குனிந்து படியிலிருந்த பையைத் தூக்கினாள்.

கொக்கி எழுந்து போய், பையின் இன்னொரு காதைப் பிடித்துக்கொண்டான்.